எண்ணும்போது கூடும் ஒருத்தி

1977 ஆகஸ்ட் பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை, ஆடி அமாவாசை. காப்பாரை அடுத்த சுங்கை நீரே கடற்கரையில் அன்று காலை பதினேழு கம்புகள் ஊன்றப்பட்டன. பிற்பகல் ஒன்றரை மணிக்கு அங்கே ஒரு கம்பும் நிற்கவில்லை. ஆனால் சேற்றிலிருந்து கரையேறியவர்கள் பதினாறு பேர்தான்.

அந்த ஓர் ஆள் குறைந்தது பிறகு ஒரே ஒருத்திக்குத்தான் தெரிந்தது. அவள் பெயர் வீரம்மா. அப்போது வயது பத்தொன்பது.

கம்பு விஷயத்தைச் சொல்லாமல் வீரம்மாவைச் சொல்ல முடியாது. சுங்கை நீரேயில் மணல் கிடையாது. கடல் வற்றினால் ஒரு மைல் தூரத்துக்குக் கறுப்புச் சேறு வெளியே வரும். ஆண்களுக்குத் தென்னந்தோப்பு, தோப்புக்குள் காப்பிச் செடி. மீன்பிடி, ஆற்று முகத்திலிருந்த சீனக் குடும்பங்களுக்கு. சேற்றில் கிடைக்கும் கெராங் சிப்பி தமிழ்ப் பெண்களுக்கு. யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை, அப்படி அமைந்துவிட்டது. நீளப் பலகையில் ஒரு முழங்காலை ஊன்றி, மறு காலால் சேற்றை உதைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். பலகையை விட்டு இறங்கினால் சேறு இடுப்புவரை இழுத்துக்கொள்ளும்.

கடல் திரும்பும்போது அங்கே அலை வராது. சேற்றுக்குள் ஓடும் வாய்க்கால்களில் சத்தமில்லாமல் ஏறி, ஆளைச் சுற்றிக்கொண்டு முதுகுப் பக்கமாக வரும். அதனால் ஒரு வழக்கம் இருந்தது. சேற்றில் இறங்கும் ஒவ்வொருத்தியும் கரைத் திட்டில் தன் கம்பை ஊன்றிவிட்டுப் போவாள். கம்பின் தலையில் அவளுடைய பழைய சேலையில் கிழித்த துணி கட்டியிருக்கும். திரும்பி வந்ததும் தன் கம்பைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். கடைசியில் தனலெட்சுமி என்ற மூத்தவள் திட்டைப் பார்ப்பாள். கம்பு எதுவும் நின்றால் சீனக் கம்பத்துக்கு, மீன்காரர்களின் அந்தக் குடியிருப்புக்கு, ஓடிப் படகை எடுக்கச் சொல்வாள். நிற்கவில்லை என்றால் அவளும் வீட்டுக்குப் போய்விடுவாள். ஒருத்தியின் கம்பை இன்னொருத்தி தொடக் கூடாது. அது சாமி கும்பிடுவதைப் போல, யாரும் காரணம் கேட்காத விஷயம்.

அந்த அமாவாசையன்று கிள்ளானிலிருந்து வேனிலும் லாரியிலும் ஆட்கள் வந்து கரையில் திதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வீரம்மாவும் அவள் அக்காள் பவுனம்மாளும் பத்து மணிக்கே சேற்றில் இறங்கிவிட்டார்கள். பவுனம்மாளுக்கு இருபத்தைந்து வயது. கணவன் சின்னையா, நான்கு வயதில் ஒரு பெண், ரமணி. பெரிய வற்றம் என்பதால் அக்காள் எல்லோரையும் தாண்டித் தூரம் போனாள். பன்னிரண்டரைக்கு மேல் மேகம் இறங்கி, மழை திரைபோல மூடியது. பெண்கள் பலகையை உதைத்துக்கொண்டு பறந்து வந்தார்கள்.

வீரம்மா திட்டில் ஏறியபோது, முன்னால் சிவப்புத் துணியைத் தலையில் கட்டிய ஒருத்தி கூடையோடு தோப்புக்குள் ஓடுவதைப் பார்த்தாள். அக்காளுக்கும் சிவப்புத் துணிதான். அக்காளின் கம்பு நின்றுகொண்டிருந்தது. அவசரத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தாள். தனலெட்சுமி பார்த்தால் எல்லோர் முன்னாலும் திட்டுவாள். தன்னுடையதோடு அதையும் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். வீட்டுச் சமையல்கட்டுச் சுவரில் இரண்டு கம்புகளையும் சாய்த்து வைத்தாள்.

ஆறு மணிக்குச் சின்னையா வந்து பவுனு எங்கே என்று கேட்டான். அப்போது கடல் திட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வீரம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் பக்கத்தில் நின்ற தனலெட்சுமி சொல்லிவிட்டாள், கம்பு எடுத்தாயிற்று, ஆள் கரைக்கு வந்துவிட்டாள் என்று. சின்னையாவின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தாள் வீரம்மா. அக்காள் எங்காவது இருப்பாள், இதோ வந்துவிடுவாள் என்று அவளும் நம்பிக்கொண்டாள். மறுநாள் காலையில் ஊர் வேறொன்று பேசியது. திதி கொடுக்க வந்த லாரிகளில் ஒன்றை ஓட்டி வந்தவன் பவுனம்மாளோடு முன்பே சிரித்துப் பேசியவனாம். கம்பைப் பிடுங்கியவள் வீட்டுக்கு வரவில்லை என்றால் வேறெங்கே போயிருப்பாள்? சின்னையா மானம் போயிற்று என்று தோப்புக் குடிசையில் படுத்துக்கொண்டான். யாரும் தேடவில்லை. யாரும் போலீசுக்குப் போகவில்லை.

மூன்றாம் நாள் வீரம்மா அந்தக் கம்பை அடுப்பில் வைத்தாள். சதுப்பில் வளரும் பாக்காவ் மரத்தின் பச்சைக் கட்டை, எரிய வெகுநேரம் ஆனது.

முதலில் அவள் பார்த்தது அடுத்த அமாவாசைக்கு. வற்றத்தில் பெண்கள் பரவி நின்றார்கள். பழக்கத்தில் எண்ணினாள். திட்டில் பதினான்கு கம்பு. சேற்றில் பதினைந்து பேர். மறுபடி எண்ணினாள், பதினைந்து. தூரத்தில், மற்றவர்களுக்கு எட்டாத இடத்தில், ஒருத்தி கடலைப் பார்த்து முதுகைக் காட்டி நின்றாள். குனியவில்லை, பொறுக்கவில்லை. நின்றாள்.

பயந்து வீட்டுக்கு ஓடினாள் என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஓடவில்லை. பலகையைத் தள்ளிக்கொண்டு அந்தத் திசையில் போனாள். போகப் போக அந்த ஒருத்தியும் அதே தூரத்திலேயே நின்றாள். கொக்குகளும் உள்ளான் குருவிகளும் அவளைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு பறவைகூட எழும்பவில்லை. வீரம்மா கிட்டே போனதும்தான் எல்லாம் ஒன்றாகச் சடசடவென்று எழும்பின.

அன்றிலிருந்து எண்ணிக்கையில் ஒன்றைக் கழிக்கப் பழகிக்கொண்டாள். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவள் உதடு அசைந்து எண்ணுவதையும், சில நேரம் கழிக்க மறந்து ஒன்று கூட்டிச் சொல்வதையும் கவனித்த பெண்கள் அதைக் கேலியாக்கினார்கள். வீரம்மாவுக்கு ஒரு ஆள் எக்ஸ்ட்ரா என்பார்கள். மேருவிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் இரண்டு வரன்கள் வந்தன. கடல் இல்லாத ஊருக்கு வர முடியாது என்று இரண்டையும் திருப்பி அனுப்பினாள். ரமணியை வளர்க்கத்தான் கல்யாணம் வேண்டாம் என்கிறாள் என்று ஊர் மெச்சியது. அதுவும் பாதி உண்மை.

சின்னையா இரண்டு ஆண்டில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு மேருவில் ஒரு தொழிற்சாலைக்குக் காவல் வேலைக்குப் போனான். ரமணி சின்னம்மாவிடமே இருந்தாள்.

எண்பதுகளில் ஊர் கையை விட்டு நழுவியது. இழுவைப் படகுகள் கரைக்கு அருகே வந்து வாரிக்கொண்டு போக, சீனக் கம்பத்தின் சம்பான் படகுகள் வெறும் வலையோடு திரும்பின. காப்பிக்கு விலையில்லை. தென்னைக்குப் பூச்சி. பதினேழு கம்பு நின்ற திட்டில் எண்பத்தெட்டில் நான்குதான் நின்றன. தனலெட்சுமி கைக்கடிகார உறை செய்யும் தொழிற்சாலையில் கேண்டீன் வேலைக்குப் போய்விட்டாள். 1990இல் நாடு முழுவதும் சுற்றுப்பயணிகளை வரவேற்கும் பலகைகள் முளைத்தபோது, சின்னையாவின் இரண்டு ஏக்கர் தோப்பு கைமாறி அதில் பத்துக் குடில்கள் எழும்பின. ஆற்று முகத்தில் மரக்கால்கள் மேல் ஒரு சாப்பாட்டுக் கடை. சம்பான்களுக்கு நீலப் பெயின்ட், கூரை, உயிர்காப்பு உடை. நண்டு பிடித்தவர்கள் பயணிகளை ஏற்றிக்கொண்டு கழுகு காட்டப் போனார்கள்.

குடில்களை நடத்தியவர் காசிவிஸ்வநாதன். தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவர், முப்பது வயது, துறுதுறுவென்று எதையும் கேட்டுக்கொண்டே இருப்பார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஊர்க்காரர்களுக்கே வேலை கொடுத்தார். வீரம்மா அறைகளைச் சுத்தம் செய்தாள். பள்ளி முடித்த ரமணி முன்மேசையில் உட்கார்ந்தாள்.

ரமணிக்குக் கிள்ளானில் துணிக்கடையில் இதைவிட நல்ல வேலை கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டு இதைப் பிடித்தாள். ஏன் என்று வீரம்மாவுக்கு இரண்டு வாரத்தில் புரிந்தது. நாற்பது வயதுத் தமிழ்ப் பெண் யார் வந்தாலும் ரமணி எழுந்து நின்று முகத்தை உற்றுப் பார்ப்பாள். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பெயரைப் படிப்பாள். பிறகு உட்கார்ந்துகொள்வாள். ஒரு நாள் வீரம்மா கேட்டே விட்டாள், எதற்குப் பிள்ளை எல்லாரையும் அப்படிப் பார்க்கிறாய் என்று.

"டவுனுக்குப் போனவங்க எல்லாம் இப்ப பிக்னிக் இங்கதானே வராங்க, சின்னம்மா. அவளும் ஒரு நாள் வருவா" என்றாள் ரமணி. "வந்தா ஒண்ணும் கேக்கமாட்டேன். ரூம் சாவிய குடுத்துட்டு, பேரு எழுதுங்கன்னு சொல்லுவேன். அவ எழுதுறத பாத்துக்கிட்டு நிப்பேன்."

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே வற்றம். சேற்றில் யாரும் இறங்கவில்லை. ஆனாலும் அங்கே ஒருத்தி நின்றாள். வீரம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஆறாம் குடிலுக்குப் போனாள்.

சேற்றுப் பலகை சவாரி என்ற எண்ணம் காசிவிஸ்வநாதனுக்கு வந்தது திட்டில் நின்ற நான்கு கம்புகளைப் பார்த்துத்தான். பயணிகள் பலகையில் சறுக்கிப் பழகலாம், சிப்பி பொறுக்கலாம். மிதவை கட்டி எல்லை வைத்துவிடலாம். ஒவ்வொருவரும் வண்ண ரிப்பன் கட்டிய கம்பு ஒன்றை ஊன்றிவிட்டு இறங்குவார்கள், போட்டோவுக்கு அழகாக இருக்கும். வழக்கத்தை முழுதாகச் சொல்லித் தரும்படி வீரம்மாவைக் கேட்டார். வீரம்மா எல்லாம் சொன்னாள். எந்த மேகத்துக்குத் திரும்ப வேண்டும், எந்த வாய்க்காலைத் தாண்டக் கூடாது, கடைசியில் திட்டை யார் பார்க்க வேண்டும். காசிவிஸ்வநாதன் அக்கறையாக எழுதிக்கொண்டார். அவரவர் கம்பை அவரவர்தான் பிடுங்க வேண்டும் என்ற ஒன்று மட்டும் அவள் தொண்டையைத் தாண்டவில்லை. ஆகவே அது அவருடைய தாளில் ஏறவில்லை. திட்டைப் பார்க்கும் வேலை வீரம்மாவுக்கே வந்தது.

1992 மே மாதம், விசாக விடுமுறை ஞாயிறு. பௌர்ணமி வற்றம். பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். அவர்களில் செராஸிலிருந்து வந்த ஒரு தம்பதி உண்டு. சபாபதி தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கழுத்தில் கேமரா. மனைவி ராஜேஸ்வரி அவருடைய தொப்பியை, தண்ணீர்ப் புட்டியை, மாத்திரையை எல்லாம் தன் பையில் சுமப்பவர்.

பன்னிரண்டே முக்காலுக்குக் காற்று திரும்பியது. ஆட்களைத் திரும்பக் கூப்பிட வைத்திருந்த தகரத்தை வீரம்மா தட்டினாள். பயணிகள் சிரித்துக்கொண்டும் விழுந்துகொண்டும் கரையேறி, பெரிய துளிகள் விழத் தொடங்கியதும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். சிலர் குடிலுக்கு, சிலர் சாப்பாட்டுக் கடைக்கு, சிலர் வேனுக்கு. மழை கனத்து வருவதற்கு முன்னால் வீரம்மா திட்டைப் பார்த்தாள். ஒரு கம்பும் இல்லை.

சேற்றைப் பார்த்தாள். ஒரு ஆள் நின்றது.

அவள் ஒன்றைக் கழித்தாள். பதினைந்து ஆண்டுப் பழக்கம், கண் பார்க்கும்போதே மனம் கழித்துவிடும். தகரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நான்கு எட்டு வைத்தாள்.

அப்போது பறவைகள் எழும்பின.

மழைக்கு நடுவே வெள்ளையாக, ஒரு கூட்டம் மொத்தமும் எழும்பிக் கலைந்தது. வீரம்மா நின்றாள். அந்த முதுகைச் சுற்றி இத்தனை ஆண்டில் ஒரு குருவி எழும்பியதில்லை. மறுபடி உற்றுப் பார்த்தாள். மழைத்திரையில் இப்போது ஒன்றும் தெரியவில்லை.

சாப்பாட்டுக் கடைக்கு ஓடினாள். அங்கே பயணிகள் துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். காசிவிஸ்வநாதன் மதியச் சாப்பாட்டை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தார். ரமணி பதிவேட்டோடு பக்கத்தில் நின்றாள். படகுக்காரர் ஆ செங் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சேற்றில் ஒரு ஆள் இருக்கிறது, படகை எடுக்க வேண்டும் என்றாள் வீரம்மா.

காசிவிஸ்வநாதன் வெளியே எட்டிப் பார்த்தார். வெறும் மழை.

"கம்பு எத்தன நிக்குது ஆன்டி?"

"ஒண்ணும் நிக்கல."

"அப்பறம் என்ன லா? எல்லாரும் வந்துட்டாங்க. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, கம்பு இல்லன்னா ஆள் இல்லன்னு."

பரிமாறிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, அக்காவுக்கு எப்பவும் ஒரு ஆள் எக்ஸ்ட்ராதான் பாஸ் என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். காசிவிஸ்வநாதன் பொறுமையாகத் தலைகளை எண்ணப் பார்த்தார். இங்கே ஏழு. குடிலில் எத்தனை, வேனில் எத்தனை என்று தெரியவில்லை. இந்த மழையில், இடி இடிக்கும்போது, கம்பு எதுவும் நிற்காத நிலையில் படகை இறக்கும்படி ஆ செங்கிடம் எப்படிச் சொல்வது? மழை விடட்டும், ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கலாம் என்றார். மழை விட அரைமணி ஆகும். அரைமணியில் வாய்க்கால் நிறைந்துவிடும். வீரம்மாவுக்கு அது தெரியும்.

"கம்பு எடுத்திருந்தா ஆள் வந்தாச்சுன்னு இல்ல, தம்பி" என்றாள். "வேற யாராச்சும் எடுத்திருக்கலாம்."

"யாரு எடுப்பா, ஆன்டி? எதுக்கு எடுக்கணும்?"

அவள் காசிவிஸ்வநாதனைப் பார்க்கவில்லை. ரமணியைப் பார்த்தாள்.

"எங்க அக்கா கம்ப நான்தான் புடுங்கினேன்" என்றாள். "மறந்துட்டு ஓடிட்டான்னு நெனச்சு, நான் புடுங்கி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். அக்கா கரைக்கே வரல. லாரியிலயும் போவல, எவன்கூடயும் போவல. இங்கதான் இருக்கா."

பரிமாறிய பெண்ணின் கையில் தட்டு அப்படியே நின்றது. ஆ செங்குக்குத் தமிழ் புரியும், அவர் கோப்பையைக் கீழே வைத்தார். காசிவிஸ்வநாதனுக்கு எதுவும் விளங்கவில்லை. அக்காள் யார், லாரி எது என்று அவர் முகம் ஒவ்வொருவரிடமாகப் போயிற்று.

ரமணியின் முகத்தில் எதுவும் மாறவில்லை. அவள் பதிவேட்டைத் திறந்தாள். விரலை வைத்துப் பெயர்களைக் கீழே ஓட்டினாள். தலைநிமிர்ந்து மேசைகளைப் பார்த்தாள். பிறகு நேராக ராஜேஸ்வரியிடம் போனாள்.

"ஆன்டி, அங்கிள் எங்க?"

வேனில் தூங்குவார், மழை என்றால் அவருக்குத் தூக்கம் என்றார் ராஜேஸ்வரி.

"நீங்க எத்தன கம்பு எடுத்தீங்க?"

ராஜேஸ்வரி ஈரத் துண்டை விலக்கி மடியிலிருந்த பையைக் காட்டினார். நீல ரிப்பன் கம்பும் மஞ்சள் ரிப்பன் கம்பும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவர் எதையும் விட்டுவிட்டுத்தானே வருவார், நான்தான் எல்லாத்தையும் எடுத்து வைக்கணும் என்று சொல்லத் தொடங்கியவர், பாதியில் நிறுத்தி இரண்டு ரிப்பன்களையும் பார்த்தார்.

ஆ செங் ஏற்கெனவே படியிறங்கிக்கொண்டிருந்தார். வீரம்மா அவர் பின்னால் படகில் ஏறினாள். அவளுக்குத்தான் இடம் தெரியும்.

சபாபதி மிதவையைத் தாண்டி இருநூறு கெஜத்துக்கு அப்பால் இருந்தார். பறவைகளைப் படமெடுக்கப் போனவர், நல்ல கோணத்துக்காகப் பலகையை விட்டு இறங்கியிருக்கிறார். சேறு இடுப்புவரை பிடித்திருந்தது. வாய்க்கால் தண்ணீர் மார்புக்கு வந்திருந்தது. கேமராவைத் தலைக்கு மேல் இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்திருந்தார். கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது. ஆ செங்கும் வீரம்மாவும் அக்குளில் கயிறு கொடுத்து இழுத்தபோது, சேறு அவருடைய கால்சட்டையை வைத்துக்கொண்டு ஆளை மட்டும் கொடுத்தது. படகில் விழுந்ததும் அவர் முதலில் சொன்னது, வைஃப்கிட்ட சொல்லாதீங்க என்பதுதான்.

படகு திரும்பும்போது வீரம்மா பின்னால் பார்த்தாள். மழை வெளுத்திருந்தது. நீர் ஏறி, சேறு ஒரு கீற்றாகக் குறைந்திருந்தது. அந்தக் கீற்றின் நுனியில் முதுகைக் காட்டி ஒருத்தி நின்றாள். தண்ணீர் மூடும்வரை நின்றாள். ஆ செங்கும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எதையாவது கண்டாரா என்று வீரம்மா கேட்கவில்லை.

காசிவிஸ்வநாதன் அன்று மாலையே பலகை சவாரியை நிறுத்தினார். ராஜேஸ்வரி வீரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. ஊருக்குள் விஷயம் பரவியது. தனலெட்சுமி வந்தாள். வாசலுக்குள் வராமல், அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விடியற்காலையிலாவது தேடியிருப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ரமணி அன்று சாப்பிடவில்லை. தன் துணிகளைத் தனியாக மடித்து ஒரு பையில் வைத்தாள். வீரம்மா சமையல்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பதினைந்து ஆண்டுகளாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்த மன்னிப்புகள் ஒன்றும் அந்த நேரத்துக்குப் பொருந்தவில்லை. கடைசியில் ரமணிதான் வந்து நின்றாள்.

"அவ போனான்னு நான் திட்டாத நாள் இல்ல, சின்னம்மா. நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்த."

"ஆமா" என்றாள் வீரம்மா.

"எங்க நிக்கிறா?"

எங்கே விழுந்தாள் என்று அவள் கேட்கவில்லை. வீரம்மா எழுந்து வாசலுக்கு வந்து கையை நீட்டிக் காட்டினாள். ரமணி அந்தத் திசையைக் கண் கொட்டாமல் பார்த்தாள். அங்கே நிறைந்த கடல்தான் இருந்தது. தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணி பஸ்ஸில் ரமணி, தாய் காணாமல் போனதாகப் புகார் கொடுக்கக் காப்பார் போலீஸ் நிலையத்துக்குப் போனாள். கடைசியாகப் பார்த்தவர் யார் என்று கேட்பார்கள் என்பதால் வீரம்மாவும் அதே பஸ்ஸில் ஏறினாள். இருவரும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள்.